பிரிட்டன்ல பார்ட் டைம் வேலையா? பென்ஷன் பத்தி முதலாளி உங்ககிட்ட என்ன சொல்லியே ஆகணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரோல்ல, அதாவது சம்பளக் கணக்கு போடற வேலைல இருக்கறதால தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாரும் ஒரே மாதிரி கேள்விதான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். எல்லாமே யூகே சட்டம், தொகைகள் 2025-26 வரி வருஷத்துக்கானது.

பார்ட் டைம்காரங்களுக்கு பென்ஷன் கிடையாதுன்னு மேனேஜர் சொல்றார். நெசமா?

இல்ல. சட்டம் உங்க மணிநேரத்தை பாக்கறதே இல்ல, வயசையும் சம்பளத்தையும்தான் பாக்குது. 2008 பென்ஷன்ஸ் சட்டப்படி 2012 அக்டோபர்ல ஆட்டோ என்ரோல்மென்ட், அதாவது முதலாளியே ஆளுங்களை தானா பென்ஷன்ல சேர்க்கற ஏற்பாடு, ஆரம்பிச்சுது, முதல்ல பெரிய கம்பெனிங்க, அப்புறம் படிப்படியா சின்ன கடை வரைக்கும் வந்து 2018-க்குள்ள எல்லா முதலாளிக்கும் கட்டாயம் ஆயிடுச்சு. ஒரே ஒரு ஆள் வேலைக்கு வெச்சிருந்தாலும் உண்டு. அதுபோக 2000 ஜூலை 1-ல இருந்து பார்ட் டைம் தொழிலாளர்களை ஃபுல் டைம்காரங்களை விட மோசமா நடத்தக்கூடாதுன்னு தனி விதியே இருக்கு, பென்ஷனும் அதுல அடக்கம். மேனேஜர் பொய் சொல்றார்னு சொல்லல, அவருக்கே தெரியாம இருக்கும், பாதி இடத்துல அப்படித்தான்.

அப்போ என்னை தானா சேர்த்துடுவாங்களா?

அது உங்க சம்பளத்தை பொறுத்தது, மூணு வகை இருக்கு. 22 வயசு ஆகி, ஸ்டேட் பென்ஷன் வயசு (அரசாங்க பென்ஷன் வாங்க ஆரம்பிக்கற வயசு) இன்னும் வராம, அந்த ஒரு வேலைல வருஷத்துக்கு 10,000 பவுண்டுக்கு மேல, அதாவது மாசம் 833-க்கு மேல இல்ல வாரம் 192-க்கு மேல வந்தா நீங்க கேக்காமலே சேர்க்கணும், முதலாளியும் பணம் போடணும்.

அதுக்கு கீழ, ஆனா 6,240-க்கு மேல (மாசம் 520) வாங்கினா தானா சேர்க்க மாட்டாங்க. நீங்க கேட்டா சேர்த்தே ஆகணும், முதலாளி பங்கும் வந்தே ஆகணும். 10,000-க்கு மேல வாங்கற 16-ல இருந்து 21 வயசு பசங்களுக்கும், ஸ்டேட் பென்ஷன் வயசு தாண்டி 75 ஆகாதவங்களுக்கும் இதே கதைதான்.

6,240 அல்லது அதுக்கும் கீழன்னா கேட்டா ஒரு பென்ஷன் ஸ்கீம்ல சேர்த்து விடணும், ஆனா முதலாளி தன் கைல இருந்து போட வேண்டிய கட்டாயம் இல்ல.

பார்ட் டைம்காரங்க மாட்டிக்கறது பெரும்பாலும் ரெண்டாவது வகைல. உரிமை இருக்கு, பணம் இருக்கு, ஆனா வாயைத் திறந்து கேட்டாத்தான் வரும். கேக்கணும்னு யார் சொல்லணும்? அங்கதான் முதலாளியோட கடமை வருது.

எப்போ, எப்படி சொல்லணும்?

நீங்க அந்த வகைக்குள்ள வந்த நாள்ல இருந்து ஆறு வாரத்துக்குள்ள, எழுத்துல, உங்களுக்குன்னு தனியா. லெட்டர் குடுக்கலாம், ஈமெயில் அனுப்பலாம். ஸ்டாஃப் ரூம் சுவத்துல போஸ்டர் ஒட்டிட்டு "சொல்லியாச்சு"ன்னு சொல்லக்கூடாது, "எல்லாம் இன்ட்ராநெட்ல இருக்கு போய் பாருங்க"ன்னு கைகாட்டறதும் பத்தாது. வாய்ல சொன்னது கணக்குலயே வராது.

இதுபோக வேலைல சேர்ந்தா எழுத்துல குடுக்க வேண்டிய வேலை விவரங்கள்லயும் பென்ஷன் பத்தி இருக்கணும், அந்த பகுதியை மட்டும் ரெண்டு மாசத்துக்குள்ள குடுக்கலாம். பார்ட் டைம்னு விலக்கு கிடையாது.

அந்த லெட்டர்ல என்ன இருக்கணும்? எனக்கு வந்ததுல ஒண்ணும் புரியல.

யாருக்குத்தான் புரியுது. சேர்த்துட்டாங்கன்னா எந்த தேதில சேர்த்தாங்க, எந்த ஸ்கீம், அவங்களை எப்படி தொடர்பு கொள்றது, உங்க சம்பளத்துல எவ்வளவு பிடிப்பாங்க, முதலாளி எவ்வளவு போடுவார், வரிச்சலுகை எப்படி வரும், வேணாம்னா எப்படி வெளியே வர்றது, இவ்வளவும் இருக்கணும்.

சேர்க்கலன்னா வர்ற லெட்டரை கவனிச்சு படிங்க. முதல் பத்தில "உங்களை இப்போதைக்கு சேர்க்கவில்லை"ன்னு இருக்கும், பாதி பேர் அதோட மடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. அதுக்கு கீழதான் "நீங்க விரும்பினா சேரலாம், இந்த தொகைக்கு மேல வாங்கினா நாங்களும் பணம் போடுவோம்"னு ஒரு வரி. காசு இருக்கறது அந்த வரிலதான். ரெண்டாவது, மூணாவது வகை ஆளுங்களுக்கு சேர்த்து ஒரே லெட்டரா அனுப்பறது வழக்கம், அதனால நீங்க எந்த வகைன்னு லெட்டர்ல பளிச்சுனு இருக்காது, பேஸ்லிப்பை பக்கத்துல வெச்சு நீங்களே பாக்கணும்.

மாசம் 700 பவுண்டு வாங்கறேன். இதுல போய் பென்ஷன் சேர்ந்து என்ன ஆகப்போகுது?

கணக்கு போட்டே பாத்துடுவோம். குறைஞ்சபட்ச பங்களிப்பு மொத்தம் 8%, அதுல முதலாளி 3%, மீதி 5% உங்க பக்கம். ஆனா முழு சம்பளத்துக்கும் இல்ல, 520-க்கு மேல உள்ளதுக்கு மட்டும்தான் கட்டாயம் (மேல வருஷத்துக்கு 50,270 வரைக்கும்). 700-ல 520 போனா 180. அதுல முதலாளி 5.40 போடுவார். உங்க பக்கம் 9 பவுண்டு, அதுலயும் நெஸ்ட் (அரசாங்கம் அமைச்ச பென்ஷன் ஸ்கீம்) மாதிரி ஸ்கீம்னா உங்க சம்பளத்துல இருந்து போறது 7.20தான், மீதி 1.80 அரசாங்கம் வரிச்சலுகையா போடும், நீங்க வரியே கட்டாத சம்பளத்துல இருந்தாலும் போடும். ஆக உங்க கைல இருந்து 7.20 போனா உள்ள 14.40 விழுது.

சின்ன தொகைதான், இதை வெச்சு வயசான காலத்துல ஜம்முனு இருக்கலாம்னு யாரும் சொல்லல. ஆனா போட்ட அன்னிக்கே ரெண்டு மடங்கு ஆகற இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க. கடன்ல தத்தளிக்கறவங்க, வாடகைக்கே திண்டாடறவங்க வேணாம்னு முடிவு பண்ணா அதுலயும் தப்பு இல்ல, தெரிஞ்சு பண்ணணும் அவ்வளவுதான்.

சில கம்பெனிங்க நெட் பே முறைன்னு வரி கணக்கு போடறதுக்கு முன்னாடியே உங்க பங்கை பிடிச்சுடுவாங்க, அதுல வருமான வரி வரம்பான வருஷத்துக்கு 12,570-க்கு கீழ வாங்கறவங்களுக்கு முன்னாடி வரிச்சலுகை கிடைக்காமலே போச்சு. 2024-25 வரி வருஷத்துல இருந்து அதை ஈடுகட்ட அரசாங்கம் ஒரு டாப் அப் தொகை குடுக்க ஏற்பாடு வந்திருக்கு.

சரி, சேரணும். யார்கிட்ட என்னன்னு கேக்கணும்?

மேனேஜர்கிட்ட வாய்ல கேக்காதீங்க, மறந்துடுவார். பேரோல் இல்ல எச்ஆருக்கு எழுதுங்க. பேப்பர்ல எழுதினா கையெழுத்து போடணும். ஈமெயில்னா "இதை நானேதான் அனுப்பறேன்"ங்கற மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கணும், சட்டத்துலயே அப்படி இருக்கு. உங்க பேர், ஸ்டாஃப் நம்பர், "கம்பெனி பென்ஷன் ஸ்கீம்ல என்னை சேர்க்கும்படி கேட்டுக்கறேன்", அப்புறம் அந்த வரி, தேதி, முடிஞ்சுது. காரணம் எழுத வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அந்த மெயிலை உங்க சொந்த ஈமெயிலுக்கும் ஒரு காப்பி போட்டுக்கோங்க, வேலையை விட்டா ஆபீஸ் மெயில் உடனே பூட்டிடுவாங்க.

எனக்கு ரெண்டு வேலை. ரெண்டையும் சேர்த்தா 16,000 வருது, ஆனா ரெண்டு இடத்துலயும் சேர்க்கல.

ஒவ்வொரு முதலாளியும் தன்கிட்ட வாங்கற சம்பளத்தை மட்டும்தான் பாப்பார், கூட்டிப் பாக்கற வழக்கமே சட்டத்துல இல்ல. தலா 8,000-ன்னா ரெண்டு பேரும் தானா சேர்க்க வேண்டியதில்ல, ஆனா ரெண்டு பேருமே ஆறு வாரத்துக்குள்ள "கேட்டா சேரலாம்"னு லெட்டர் குடுத்திருக்கணும். ரெண்டு இடத்துலயும் தனித்தனியா எழுதிக் கேளுங்க.

இதுல இருக்கற அநியாயத்தையும் சொல்லிடறேன். ஒரே வேலைல 16,000 வாங்கறவருக்கு 6,240 போக 9,760-க்கு 3%, வருஷத்துக்கு 292.80 பவுண்டு முதலாளி போடுவார். அதே 16,000-த்தை ரெண்டா பிரிச்சு வாங்கற உங்களுக்கு ஒவ்வொரு இடத்துலயும் 6,240 கழிஞ்சு போகும், 1,760-க்கு 3%, 52.80. ரெண்டும் சேர்த்தா 105.60, அதுவும் நீங்க கேட்டாத்தான். காலைல க்ளீனிங், சாயங்காலம் கேர் ஹோம்னு ஓடறவங்கதான் இதுல அடிபடறாங்க. இந்த கீழ் வரம்பை எடுக்கவும் 22-ங்கறதை 18 ஆக்கவும் 2023-ல ஒரு சட்டம் பாஸ் ஆச்சு, ஆனா அது அமைச்சருக்கு அதிகாரம் குடுக்கற சட்டம் மட்டும்தான், மாத்தணும்னா அவங்க தனியா விதி போடணும்.

டிசம்பர்ல மட்டும் ஓவர்டைம் பாத்தேன், திடீர்னு பென்ஷன் பிடிச்சுட்டாங்க.

சரியாத்தான் பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு சம்பள காலத்துக்கும் தனித்தனியா பாக்கணும்னு விதி. வழக்கமா 700 வாங்கறவங்க ஒரு மாசம் 850 வாங்கினா 833-ஐ தாண்டிடறாங்க, அப்பவே சேர்க்கணும், லெட்டரும் குடுக்கணும். அடுத்த மாசம் திரும்ப 700 ஆனாலும் உள்ளயே இருப்பீங்க, 520-க்கு மேல உள்ளதுக்கு பிடிப்பாங்க, முதலாளியும் போடுவார். வேணாம்னா சேர்ந்ததுல இருந்தோ அந்த லெட்டர் கைக்கு வந்ததுல இருந்தோ எது பின்னாடியோ அதுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள ஆப்ட் அவுட் பண்ணா பிடிச்சது முழுசா திரும்ப வரும். அதுக்கு மேலயும் நிறுத்தலாம், ஆனா போட்ட பணம் பென்ஷன்லயே இருக்கும்.

மூணு மாசம் கழிச்சுத்தான் பென்ஷன்னு சொல்றாங்களே?

தள்ளிப்போட அவங்களுக்கு உரிமை உண்டு, அதிகபட்சம் மூணு மாசம். ஆனா தள்ளிப்போடறோம்னு ஆறு வாரத்துக்குள்ள எழுத்துல சொல்லணும், அந்த மூணு மாசத்துக்குள்ளயே நீங்க கேட்டாலும் சேரலாம்னும் அந்த லெட்டர்ல இருக்கணும். சீசன் வேலைக்கு ஆள் எடுக்கறவங்க இதை நல்லா பயன்படுத்திப்பாங்க, மூணு மாசம் முடியறதுக்குள்ள வேலையே முடிஞ்சிரும்.

"வேணாம்னு எழுதிக் குடு, அந்த காசை சம்பளத்துல போட்டுத் தர்றேன்"னு முதலாளி சொல்றார்.

சட்டவிரோதம். பென்ஷனை விட்டு வெளியே போகச் சொல்லி ஆசை காட்டவும் கூடாது, அழுத்தம் குடுக்கவும் கூடாது, இன்டர்வியூலயே "பென்ஷன் வேணாம்னு சொல்லிடுவியா"ன்னு கேக்கவும் கூடாது. ஆப்ட் அவுட் ஃபார்ம் பொதுவா பென்ஷன் ஸ்கீம்ல இருந்துதான் உங்க கைக்கு வரணும், வேலைல சேர்ற அன்னிக்கே மத்த பேப்பரோட அதையும் நீட்டி கையெழுத்து கேட்டாங்கன்னா சந்தேகப்படுங்க. வேணாம்னு எழுதிக் குடுத்தவங்களையும் ஏறக்குறைய மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப கணக்கு பாத்து தகுதி இருந்தா மறுபடி சேர்க்கணும், அப்பவும் லெட்டர் வரணும்.

நான் ஸ்டூடண்ட் விசால இருக்கேன், படிப்பு முடிஞ்சா ஊருக்குப் போயிடுவேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. விசாவோ பாஸ்போர்ட்டோ இதுல கணக்கே இல்ல, யூகேல வேலை பாக்கறீங்களாங்கறது மட்டும்தான். 22 ஆகலன்னா தானா சேர்க்க மாட்டாங்க, கேட்டு சேரலாம். ஊருக்குப் போனாலும் பணம் உங்க பேர்லயே இருக்கும், ஆனா 55 வயசு வரைக்கும் எடுக்க முடியாது, 2028 ஏப்ரல்ல இருந்து அது 57 ஆகுது. நிச்சயமா திரும்பிப் போறவங்க, கைல காசு வேணும்னு நினைக்கறவங்க அந்த ஒரு மாச ஆப்ட் அவுட் காலத்தை கோட்டை விடாதீங்க. "முன்னாடியே எடுத்துத் தர்றோம், கமிஷன் குடுங்க"ன்னு போன் பண்றவங்க மோசடி ஆளுங்க, வெச்சுடுங்க.

ஜீரோ ஹவர், ஏஜென்சி, கேஷ் இன் ஹேண்ட்?

ஜீரோ ஹவர்னா, அதாவது இத்தனை மணிநேரம்னு உறுதி இல்லாத வேலைன்னா, ஒவ்வொரு சம்பள காலத்துக்கும் என்ன வந்துச்சோ அதை வெச்சு பாப்பாங்க. ஏஜென்சின்னா உங்களுக்கு சம்பளம் போடறது யாரோ, பொதுவா ஏஜென்சியே, அவங்க பொறுப்பு. கைல காசா குடுத்தாலும் நீங்க தொழிலாளிதான், கணக்குல காட்டாதது அவங்க குத்தம். ஆனா பேஸ்லிப் இல்லாம எதையும் நிரூபிக்கறது பெரிய தலைவலி, அதை மறைக்க முடியாது.

ஒரு லெட்டரும் வரல. என்ன பண்றது?

முதல்ல எழுத்துல கேளுங்க: எந்த தேதில என்னை எந்த வகைன்னு பாத்தீங்க, லெட்டர் எப்போ அனுப்பினீங்க, காப்பி குடுங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிரும், பேரோல்ல யாரோ ஒருத்தர் பதறி எழுந்து உக்காருவாங்க. நகரலன்னா பென்ஷன்ஸ் ரெகுலேட்டர்கிட்ட புகார் குடுங்க, ஆட்டோ என்ரோல்மென்ட்டை கண்காணிக்கறது அவங்கதான். முதல்ல நோட்டீஸ், அப்புறம் 400 பவுண்டு அபராதம், அதுக்கும் மசியலன்னா நாள் கணக்குல ஏறும்: நாலு பேர் வரைக்கும் இருக்கற இடத்துக்கு நாளுக்கு 50, 49 பேர் வரைக்கும் 500, மேல போகப்போக 500 பேர் இருக்கற கம்பெனிக்கு நாளுக்கு 10,000. சேர்த்திருக்க வேண்டிய தேதில இருந்து விட்டுப்போன பங்கையும் முதலாளி கட்டணும், சில சமயம் உங்க பங்கையும் சேர்த்து அவரையே கட்ட வைக்க ரெகுலேட்டரால முடியும்.

புகார் குடுத்ததுக்காக ஷிப்ட் குறைச்சாங்க, வேலையை விட்டு அனுப்பினாங்கன்னா அது ட்ரிப்யூனல் (வேலை வழக்குகளுக்கான கோர்ட்) விஷயம். அங்க காலக்கெடு மாசக்கணக்குலதான், முதல்ல வேலைத் தகராறுல சமரசம் பண்ற ஏகாஸ் அமைப்பு மூலமா போகணும், அதனால தள்ளிப்போடாதீங்க. ஃபுல் டைம்காரங்களுக்கு நல்ல ஸ்கீம், உங்களுக்கு மட்டும் சொத்தை ஸ்கீம்னா காரணம் கேட்டு எழுதலாம், 21 நாளுக்குள்ள எழுத்துல பதில் குடுக்கணும்.

அம்மா 80, 90-கள்ல பார்ட் டைமா வேலை பாத்தாங்க, அப்போ சேர்க்கவே இல்ல. இப்போ ஏதாவது கிடைக்குமா?

அந்த காலத்துல பார்ட் டைம்காரங்களை கம்பெனி பென்ஷன்ல இருந்து வெளிய வெக்கறது சர்வ சாதாரணம். 1986-ல ஜெர்மனியோட பில்கா டிபார்ட்மென்ட் ஸ்டோர் கேஸ்ல, பார்ட் டைம்காரங்க பெரும்பாலும் பெண்கள்தான், அதனால நியாயமான காரணம் இல்லாம அவங்களை ஒதுக்கறது பாலின பாகுபாடு ஆகலாம்னு ஐரோப்பிய கோர்ட் சொல்லிச்சு. 1994-ல அதே கோர்ட் இன்னும் தெளிவா சொன்னதும் யூகே ட்ரிப்யூனல்கள்ல சுமார் 60,000 கேஸ் குவிஞ்சுது. வுல்வர்ஹாம்ப்டன் ஹெல்த்கேர் டிரஸ்ட் மேல பிரெஸ்டன்ங்கறவங்க போட்ட கேஸ் அதுல பேர்போனது. ரெண்டு வருஷத்துக்கு மேல பின்னாடி போகக்கூடாதுங்கற யூகே விதியை உடைச்சு, 1976 ஏப்ரல் 8 வரைக்கும் பின்னாடி போகலாம்னு 2001-ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ்ல (அப்போ யூகேவோட உச்ச கோர்ட் அதுதான்) முடிஞ்சுது. ஆனா தன் பங்கை தொழிலாளியும் கட்டணும், வேலையை விட்டு ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். அந்த ஆறு மாசம்தான் இப்போ பெரும்பாலானவங்களுக்கு கதவை சாத்திடுது, அம்மா வேலையை விட்டு பல வருஷம் ஆயிருந்தா நம்பிக்கை குடுக்க மனசு வரல. இருந்தாலும் அப்போ யூனியன்ல இருந்திருந்தா அவங்க பேர்ல கேஸ் போட்டாங்களான்னு ஒரு தடவை கேட்டுடுங்க.

இது எல்லாம் சட்டத்துல எழுதி இருக்கறது. எழுதாத உரிமையையும் முதலாளி சொல்லணுமா?

சில நேரம் ஆமா. வட அயர்லாந்து டாக்டருங்க சில பேர் போட்ட ஸ்காலி கேஸ்னு ஒண்ணு, 1991-ல தீர்ப்பு. வேலைல சேர்ந்த 12 மாசத்துக்குள்ள கூடுதல் பென்ஷன் வருஷங்களை நல்ல விலைல வாங்கிக்கலாம்னு ஒரு உரிமை இருந்துச்சு, யாரும் சொல்லல, காலக்கெடு போயிடுச்சு. ஒப்பந்தத்தை தனியா பேசி முடிக்காம கூட்டா முடிச்சு, தொழிலாளி தானா ஏதாவது பண்ணாத்தான் கிடைக்கற மதிப்பான உரிமை ஒண்ணு அதுல இருந்து, சொல்லாம அவங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்லைன்னா, அதை தெரியப்படுத்தறது முதலாளியோட கடமைன்னு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லிச்சு. கவுன்சில், என்எச்எஸ், ஸ்கூல்ல பார்ட் டைமா இருக்கறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா "சேர்றது உங்களுக்கு நல்லது, சேருங்க"ன்னு அறிவுரை சொல்ல வேண்டிய கடமை அவங்களுக்கு இல்ல. தகவல் குடுக்கணும், முடிவு உங்களோடது. இலவசமா யாராவது பேசணும்னா மணிஹெல்ப்பர் இருக்கு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் இருக்கு.

பேஸ்லிப்ல பிடிக்கறாங்க, பென்ஷன் அக்கவுண்ட்ல காணோம்.

பிடிச்ச பணம் அடுத்த மாசம் 22-ம் தேதிக்குள்ள, எலக்ட்ரானிக்கா இல்லன்னா 19-க்குள்ள, ஸ்கீமுக்கு போயிருக்கணும். அதுவரைக்கும் பொறுங்க, அப்புறமும் இல்லைன்னா பேஸ்லிப்பை எடுத்துட்டு முதல்ல ஸ்கீம்காரங்களை கேளுங்க, அப்புறம் ரெகுலேட்டர். தகராறு முத்தினா பென்ஷன் புகார்களை விசாரிச்சு தீர்க்கற பென்ஷன்ஸ் ஆம்புட்ஸ்மன், காசு கேக்க மாட்டாங்க.

ஸ்டேட் பென்ஷனும் இதுவும் ஒண்ணா?

வேற வேற. ஸ்டேட் பென்ஷன் அரசாங்கம் தர்றது, நேஷனல் இன்சூரன்ஸ்ங்கற அரசாங்க காப்பீட்டுல உங்க கணக்குல ஏறின வருஷங்களை வெச்சு வர்றது, புது முறைல முழுசா வாங்க பொதுவா 35 வருஷம் வேணும், பத்து வருஷமாவது இருந்தாத்தான் ஏதாவது வரும். இங்கயும் பார்ட் டைம்காரங்களுக்கு ஒரு பள்ளம் இருக்கு: ஒரு வேலைல வாரம் 125 பவுண்டாவது வாங்கினாத்தான் அந்த வாரம் கணக்குல ஏறும், இங்கயும் தனித்தனி முதலாளிகிட்ட வாங்கற ரெண்டு வேலையை கூட்ட மாட்டாங்க. 100, 100-ன்னு ரெண்டு இடத்துல வாங்கறவங்களுக்கு வருஷமே விட்டுப் போகலாம், இதை சொல்ற கடமை எந்த முதலாளிக்கும் கிடையாது. 12 வயசுக்கு கீழ குழந்தை இருந்து சைல்ட் பெனிஃபிட் (குழந்தைக்காக அரசாங்கம் தர்ற உதவித்தொகை) உங்க பேர்ல கேட்டிருந்தா அந்த வருஷங்கள் கிரெடிட்டா ஏறிடும். வீட்டுக்காரர் பேர்ல இருக்கா உங்க பேர்ல இருக்கான்னு பாருங்க, சம்பாதிக்காதவங்க பேர்ல இருக்கறதுதான் லாபம். உங்க கணக்கு எவ்வளவுன்னு அரசாங்க வெப்சைட்ல ஸ்டேட் பென்ஷன் ஃபோர்காஸ்ட் பாத்தா தெரியும்.

அஞ்சாறு இடத்துல மாறி மாறி வேலை பாத்தேன், எங்கெங்க பென்ஷன் இருக்குன்னே தெரியல.

அரசாங்கத்தோட பென்ஷன் ட்ரேசிங் சர்வீஸ் இலவசம். பழைய முதலாளி பேரை குடுத்தா எந்த ஸ்கீம், யாரை தொடர்பு கொள்ளணும்னு சொல்வாங்க, எவ்வளவு இருக்குன்னு அவங்ககிட்ட இருக்காது, அதை ஸ்கீம்லதான் கேக்கணும். வீடு மாறினா ஸ்கீமுக்கு புது அட்ரஸ் குடுங்க, பழைய வீட்டுக்கு வருஷா வருஷம் லெட்டர் போயிட்டே இருக்கும்.